"சார், கேம் போயிடுச்சு!" - பைக்கில் புது கேம்ஷாஃப்ட் மாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் பைக்கை ஸ்டார்ட் பண்றீங்க. வழக்கமான இன்ஜின் சத்தத்தோடு சேர்ந்து, மேலே ஹெட் பக்கத்திலிருந்து தையல் மெஷின் ஓடுற மாதிரி 'டிக் டிக் டிக்'. டாப்பெட் லூஸா இருக்கும் என்று மெக்கானிக்கிடம் விடுகிறீர்கள். அட்ஜஸ்ட் பண்ணித் தருகிறார். ரெண்டு வாரம் அமைதி. அப்புறம் மறுபடி அதே சத்தம். மூன்றாவது முறை போகும்போது டாப்பெட் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் சொல்கிறார்... "சார், கேம் போயிடுச்சு. மாத்தணும்!"

சரி, மாத்திடலாம். ஆனால், புது கேம் போட்ட கொஞ்ச நாளிலேயே மறுபடி அதே சத்தம் வந்தால்? பல பேருக்கு இதுதான் நடக்கிறது. 'டூப்ளிகேட் ஸ்பேர் போட்டுட்டாங்க' என்று கடையையும், 'கம்பெனியே சரியில்லை' என்று பைக்கையும் திட்டுவோம். பெரும்பாலும் குற்றவாளி வேறு ஒருவர். கேம்ஷாஃப்ட் தானாகச் சாகும் பாகம் இல்லை. ஒழுங்காக ஆயில் கிடைத்தால் இன்ஜினின் ஆயுள் முழுக்க ஓடக்கூடியது. அது இடையில் தேய்ந்திருக்கிறது என்றால், அதைத் தேய்த்தது எதுவோ, அது இன்னும் உங்கள் இன்ஜினுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

அதனால், கேம் மாற்றுவது எப்படி என்பதோடு, பழைய கேம் ஏன் போனது என்று கண்டுபிடிப்பதையும் சேர்த்தே பார்க்கலாம். நீங்களே ஸ்பானர் பிடிப்பவராக இருந்தாலும் சரி, ஒர்க்‌ஷாப்பில் பக்கத்தில் நின்று பார்ப்பவராக இருந்தாலும் சரி, இது உதவும்.

கேம்ஷாஃப்ட் என்ன வேலை பார்க்கிறது?

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் மூச்சு விடுவது வால்வுகள் வழியாகத்தான். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வர ஒரு வால்வு (இன்டேக்), எரிந்த புகை வெளியே போக ஒரு வால்வு (எக்ஸாஸ்ட்). எது, எப்போது, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கேம்ஷாஃப்ட். ஒரு இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள். மெக்கானிக்குகள் 'லோப்' என்று சொல்வது இந்த மேட்டைத்தான். தண்டு சுற்றும்போது மேடு வந்து ராக்கர் ஆர்ம் என்கிற சின்ன நெம்புகோலைத் தூக்கும். ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். மேடு தாண்டியதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு சுற்று சுற்றினால், கேம் ஒரு சுற்று. அதற்காகத்தான் கேம் ஸ்ப்ராக்கெட்டில், கிராங்க்கில் இருப்பதைப்போல ரெண்டு மடங்கு பற்கள் இருக்கும். ரெண்டையும் இணைப்பது டைமிங் செயின். இன்ஜின் 6,000 ஆர்பிஎம்-ல் ஓடினால் கேம் நிமிடத்துக்கு 3,000 சுற்று. அதாவது, ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. இத்தனை தடவையும் லோபும் ராக்கரும் உரசிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் இருப்பது மெல்லிய ஒரு படலம் ஆயில் மட்டும்தான்.

எல்லா பைக்கிலும் ஒரே மாதிரியா?

இல்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் கேம்ஷாஃப்டே கிடையாது. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கேம் ஹெட்டில் இருக்காது. கீழே வலது பக்க டைமிங் கவருக்குள், இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று என ரெண்டு தனித்தனி கேம்கள் இருக்கும். செயினும் இல்லை, கியர் மூலம் சுற்றி, நீளமான புஷ் ராடு வழியாக மேலே உள்ள ராக்கரைத் தூக்கும். அதே ராயல் என்ஃபீல்டின் 2020-ல் வந்த மீட்டியார் 350-ல் கேம் மேலே ஹெட்டுக்கு வந்துவிட்டது.

நம் தெருவில் அதிகம் ஓடும் 100 முதல் 150 சிசி வரையிலான ஸ்ப்ளெண்டர், ஷைன், பல்சர் ரகங்களில் ஒரே கேம், ஹெட்டுக்குள், செயினால் சுற்றும். இங்கே நாம் பார்க்கப்போவது இந்த வகையைத்தான். ஒவ்வொரு மாடலுக்கும் அளவும் குறிகளும் மாறும். அந்த எண்களுக்கு அந்தந்த பைக்கின் சர்வீஸ் மேனுவல்தான் கடைசி வார்த்தை.

கேம்தான் போயிருக்கு என்று எப்படி உறுதி செய்வது?

'டிக் டிக்' சத்தம் என்றாலே கேம் இல்லை. டாப்பெட் லூஸ், டைமிங் செயின் தளர்வு, டென்ஷனர் கோளாறு எல்லாமே ஹெட் பக்கம் சத்தம் கொடுக்கும். வித்தியாசம் பார்க்க சில வழிகள்:

டாப்பெட் சரியான இடைவெளியில் வைத்த பிறகும், சில நூறு கிலோமீட்டரில் மறுபடி இடைவெளி கூடிவிட்டது என்றால், ஏதோ தேய்ந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். தேய்வது கேம் லோபாகவோ, அதன் மேல் உரசும் ராக்கரின் முகமாகவோ இருக்கும்.

பிக்-அப் குறைந்து, மேட்டில் திணறி, மைலேஜும் விழுந்திருந்தால், லோப் தேய்ந்து வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தும் இழுவை இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுவாகும்.

அடுத்தது, ஆயில். டிரெயின் செய்யும்போது சுத்தமான ஒரு தட்டில் பிடித்து, வெயிலில் பாருங்கள். மினுமினுவென்று பொடி தெரிந்தால், ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதில் விட்டு எடுங்கள். ஒட்டினால் இரும்பு, கேம், ராக்கர், கியர், செயின் போன்றவற்றிலிருந்து வந்தது. ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியம். ஹெட்டில் கேம் உட்காரும் இடமோ, பிஸ்டனோ உரசுகிறது. அது இன்னும் கவலைக்குரியது.

கடைசியாக, கண்ணால் பார்ப்பது. ஹெட் கவரைத் திறந்தால் லோபின் மேல் முகம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். நகத்தால் வருடினால் கோடு தட்டினாலோ, குழி குழியாக இருந்தாலோ, கூர்ப்பு மழுங்கித் தட்டையாகத் தெரிந்தாலோ சந்தேகமே வேண்டாம். மைக்ரோமீட்டர் இருந்தால் லோபின் உயரத்தை அளந்து, மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுவிடலாம்.

என்ன வாங்க வேண்டும்?

கேம் மட்டும் வாங்கினால் போதாது. இதுதான் முதல் பாடம். தேய்ந்த லோபோடு இத்தனை நாள் உரசிய ராக்கரின் முகமும் தேய்ந்து, கீறல் விழுந்துதான் இருக்கும். அதன் மேல் புது கேமைப் போட்டால், பழைய ராக்கர் அரம் மாதிரி புது லோபை ராவிவிடும். கேமும் ராக்கர்களும் ஜோடியாகத்தான் மாற வேண்டும். ரோலர் வைத்த ராக்கர் என்றால், ரோலர் தடையில்லாமல் சுற்றுகிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

இதோடு ஹெட் கவர் கேஸ்கெட், ஓ-ரிங்குகள், ஆயில், ஃபில்டர் இருந்தால் அதுவும். ஓடிய கிலோமீட்டர் அதிகம் என்றால் டைமிங் செயினையும், அது உரசும் ரப்பர் கைடுகளையும் கையோடு பார்த்துவிடுங்கள். பல்சர் 150 மாதிரி கேம் பால் பேரிங்கில் சுற்றும் இன்ஜின்களில் புது பேரிங் தேவையா என்றும் பாருங்கள்.

சில இன்ஜின்களில் கேமைப் பிடித்திருக்கும் நட்டுகளே ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் ஹெட் கேஸ்கெட்டும் புதுசு போட்டே ஆக வேண்டும். 'பழசே நல்லாத்தான் இருக்கு' என்று திரும்ப வைத்தால், அப்புறம் கம்ப்ரெஷனோ ஆயிலோ கசியும்.

உங்கள் பைக் மாடல், வருடம், பழைய பாகத்தில் உள்ள எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வரும் பைக்கிலேயே வருடத்துக்கு வருடம் கேம் மாறியிருக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி ஸ்பேர்ஸ் தெருக்களில் அச்சு அசலாகத் தெரியும் ரெண்டு கேம்களின் லோப் உயரம் வேறாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வண்டி ஓட்டும்போதுதான் தெரியும்.

கழற்றும் முன்...

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தி, காலையில் ஆரம்பிப்பது உத்தமம். மெயின் ஸ்டாண்ட் போட்டு, ஹெட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் கழுவித் துடைத்துவிடுங்கள். மூடியைத் திறந்த பிறகு உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல் போதும், புது கேமுக்குக் கீறல் போட. பழைய ஆயிலை இறக்கிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜினைக் கையால் சுற்ற லேசாக இருக்கும்.

ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், கொஞ்சம் கம்பி, நூல் பிரியாத சுத்தமான துணி. இது நாலும் பக்கத்தில் இருக்கட்டும். ஒர்க்‌ஷாப்புகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டை இன்ஜினுக்குள் கொண்டுபோகாதீர்கள். அதன் நூல் பிரிந்து உள்ளே போனால், நேராக ஆயில் ஸ்ட்ரெய்னரில்தான் போய் அடைக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த போல்ட் எந்த நீளம் என்று சாயங்காலம் குழம்பும்போது அதுதான் கை கொடுக்கும்.

டைமிங் குறி: இங்கேதான் உயிர் இருக்கிறது

பிஸ்டன் மேலே வரும்போது வால்வுகள் அதன் வழியில் நிற்கக் கூடாது. ரெண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்தால், வால்வு வளையும். பிஸ்டனில் பள்ளம் விழும். இதைத் தடுக்கத்தான் டைமிங் குறிகள்.

ஸ்ப்ளெண்டர் ரக இன்ஜினில் இடது பக்க மேக்னெட் கவரில் ரெண்டு மூடிகள் இருக்கும். நடுவில் உள்ளதைத் திறந்தால் கிராங்க் நட்டு தெரியும். மேலே உள்ள சின்னதைத் திறந்தால் மேக்னெட்டில் உள்ள குறிகள் தெரியும். நட்டை இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். இடது பக்கமிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர் திசை. 'டி' என்ற ஆங்கில எழுத்தின் கோடு, கவரில் உள்ள வெட்டுக்கு நேராக வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. பக்கத்திலேயே 'எஃப்' என்ற எழுத்தும் இருக்கும். அது ஸ்பார்க் விழும் இடம். அவசரத்தில் அதில் நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால், பிஸ்டன் உச்சிக்கு வருவது ஒரு சைக்கிளில் ரெண்டு தடவை. ஒன்று கம்ப்ரெஷன் முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் முடிவில். நமக்கு வேண்டியது கம்ப்ரெஷன். ரெண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். ரெண்டும் லேசாக ஆடினால் வால்வுகள் மூடியிருக்கின்றன; சரியான இடம். ஒன்று இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இப்போது கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள சின்ன வட்டக் குறி, ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்கும். பிரிக்கும் முன் இதை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

கழற்றலாம், வாங்க!

முதலில் டென்ஷனர். சிலிண்டரின் பின்பக்கம் இருக்கும் வகை என்றால் அதைத் தளர்த்தி உள்ளே இழுத்துப் பூட்டுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். தளர்த்தாமல் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றினால், டென்ஷனர் தானாக முழுசாக வெளியே நீண்டுவிடும். திரும்ப மாட்டும்போது செயின் எட்டவே எட்டாது.

அடுத்து, ஹெட்டில் செயின் போகும் குழியின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஸ்ப்ராக்கெட் போல்ட் கை நழுவி உள்ளே விழுந்தால், அதை எடுக்க இன்ஜினையே பிரிக்க நேரிடும். போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டை எடுத்து, செயினைக் கம்பியால் ஃபிரேமோடு கட்டிவிடுங்கள். இந்த நிலையில் கிராங்க்கைச் சுற்றவே கூடாது. செயின் கீழே மடங்கி, பற்களில் சிக்கிக்கொள்ளும்.

கேம் மேலே ஒரு மூடியால் பிடிக்கப்பட்டிருந்தால், அதன் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுசாகக் கழற்றினால் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மூடி வெடிக்கலாம், கேம் வளையலாம். பக்கவாட்டில் உருவும் வகை என்றால், ராக்கர் ஷாஃப்ட்டுகளையோ அதைப் பிடிக்கும் தகட்டையோ எடுத்த பிறகு கேம் வெளியே வரும். எங்கேயாவது சிக்கினால் சுத்தியலைத் தேடாதீர்கள். இன்னும் ஏதோ ஒரு போல்ட்டை நீங்கள் கழற்றவில்லை என்று அர்த்தம்.

பழைய கேமிடம் கேளுங்கள்

வெளியே எடுத்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஏன் செத்தது என்று அதுவே சொல்லும்.

நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால், சூடு மிஞ்சியிருக்கிறது. ஆயில் வராமல் காய்ந்து ஓடியிருக்கிறது.

லோபுகளோடு, தண்டு உட்கார்ந்து சுற்றும் இடங்களிலும் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால், ஆயில் குறைவாகவோ அழுக்காகவோ வந்திருக்கிறது. பேரிங் இல்லாமல் அலுமினியத்திலேயே கேம் நேரடியாகச் சுற்றும் இன்ஜின் என்றால், ஹெட்டிலும் அதே கீறல் இருக்கும். இடைவெளி அதிகமாகிவிட்டால் புது கேம் மட்டும் போட்டுப் பயனில்லை. ஹெட்டையே மாற்ற வேண்டி வரலாம். செலவு எங்கேயோ போய்விடும். அதனால், புது கேம் வாங்கும் முன் இதைப் பார்ப்பது முக்கியம்.

ஒரே ஒரு லோப் மட்டும் தேய்ந்து மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருந்தால், அந்தப் பக்க ராக்கரின் முகத்தைப் பாருங்கள். அங்கேதான் தொடங்கியிருக்கும்.

இப்போது ஆயில் வரும் பாதை. பம்ப் கீழே இருக்கிறது. ஹெட் உச்சியில் இருக்கிறது. ஆயில் கடைசியாக வந்து சேரும் இடம் கேம்தான். பாதையில் எங்கே அடைத்தாலும், முதலில் பட்டினி கிடப்பதும் கேம்தான். ஆகவே, கீழே ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவுங்கள். ஸ்ப்ளெண்டர் ரகத்தில் சுழற்சியால் அழுக்கைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கிளட்ச் பக்கம் இருக்கும். அதற்குள் கருப்பு மண் மாதிரி படிந்திருக்கும் சகதியையும் எடுக்க வேண்டும். ஹெட்டில் உள்ள ஆயில் ஓட்டைகளில் காற்று அடித்து, மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

முன்பு யாராவது இந்த இன்ஜினைப் பிரித்திருந்தால், கேஸ்கெட் பேஸ்ட்டைத் தேடுங்கள். கசியக் கூடாதென்று தாராளமாகத் தடவியிருப்பார்கள். மூடியை இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கி, ரப்பர் மாதிரி காய்ந்து, துண்டாக உடைந்து, ஆயில் ஓட்டையில் போய் உட்கார்ந்துவிடும். வெளியே கசிவை நிறுத்திய பேஸ்ட், உள்ளே ஆயிலையே நிறுத்திவிடும்.

பாதை எல்லாம் சுத்தம், பம்ப்பும் நன்றாக இருக்கிறது என்றால், மிச்சம் இருக்கும் காரணம் நாம்தான். ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டியிருப்போம்.

புதுசை மாட்டுவது எப்படி?

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், லோபின் வடிவம், ஸ்ப்ராக்கெட் மாட்டும் ஓட்டைகள் எல்லாம் ஒன்றா என்று பாருங்கள். புது கேமில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய பூச்சைத் துடைத்து எடுங்கள்.

டாப்பெட் ஸ்க்ரூக்களை நன்றாகத் தளர்த்திவிடுங்கள். பழைய தேய்ந்த கேமுக்காக இறுக்கி வைத்தது அது. அப்படியே விட்டால், புது கேமில் இடைவெளி போதாமல், வால்வு முழுசாக மூடாமல் போகலாம்.

இப்போது லூப்ரிகேஷன். காய்ந்த கேமை மாட்டவே கூடாது. இன்ஜின் ஆயிலையும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கிரீஸையும் சம அளவு கலந்து லோபுகளிலும், தண்டு உட்காரும் இடங்களிலும், ராக்கர் முகத்திலும் தடவுங்கள். பம்ப்பிலிருந்து ஆயில் மேலே வந்து சேரும் வரை, முதல் சில விநாடிகளுக்கு இதுதான் பாதுகாப்பு.

லோபுகள் ராக்கரைத் தூக்காத பக்கம் பார்த்திருக்குமாறு கேமை உள்ளே வையுங்கள். மேக்னெட்டில் 'டி' குறி நகராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் போடுங்கள். டென்ஷனர் இல்லாத பக்கம் செயின் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் போக வேண்டும். வட்டக் குறி வெட்டுக்கு நேர் நிற்கிறதா?

'ஒரு பல்தானே, பரவாயில்லை' என்று நினைக்காதீர்கள். ஸ்ப்ராக்கெட்டில் 28 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது கேமில் கிட்டத்தட்ட 13 டிகிரி. கிராங்க் கணக்கில் 26 டிகிரி. ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், பவர் இருக்காது, சைலன்ஸரில் வெடிக்கும். இன்னும் தள்ளிப்போனால் வால்வும் பிஸ்டனும் முட்டும்.

ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். 6 மி.மீ போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே இருக்கும். கை பலத்தை நம்பி இறுக்கினால் போல்ட் முறியும், இல்லையென்றால் அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு குழியில் அடைத்த துணியை எடுத்துவிட்டு, டென்ஷனரை மாட்டி விடுவியுங்கள். விடுவித்த பிறகு குறிகளை மறுபடி பாருங்கள். செயின் இழுபட்டதில் ஒரு பல் மாறியிருக்கலாம்.

ரெண்டு சுற்று... கையால்!

முழு வேலையிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்றால், அது இதுதான். செல்ஃப் ஸ்விட்ச்சைத் தொடாதீர்கள், கிக்கரை உதைக்காதீர்கள். கிராங்க் நட்டை ஸ்பானரால், மெதுவாக, முழுசாக ரெண்டு சுற்று சுற்றுங்கள். வால்வு ஸ்பிரிங் அழுத்தும் இடங்களில் கொஞ்சம் கனமாக இருக்கும், அது சகஜம். ஆனால், இரும்பில் இரும்பு முட்டிய மாதிரி 'டக்'கென்று நின்றால் நிறுத்திவிடுங்கள். அங்கே வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. கையால் தொட்டால் சேதம் இல்லை. செல்ஃப் அடித்துத் தொட்டால், அடுத்த பில் ஹெட் வேலைக்கு.

ரெண்டு சுற்றும் தடையில்லாமல் வந்து, குறிகள் மறுபடி அதே இடத்தில் நேராக நின்றால், டைமிங் ஓகே.

டாப்பெட்: சத்தமில்லாததெல்லாம் நல்லதில்லை

கம்ப்ரெஷன் உச்சியிலேயே வைத்து டாப்பெட் இடைவெளியை வைக்க வேண்டும். அளவு மாடலுக்கு மாடல் மாறும். 100 சிசி ரகங்களில் இது மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குப் பக்கம். அதனால்தான் விரலால் ஆட்டி, 'சரியா இருக்கு' என்று சொல்வது போதாது. ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசியபடி நகர வேண்டும்.

இன்ஜின் 35 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும் என்கின்றன ஹோண்டாவின் சர்வீஸ் மேனுவல்கள். நம் ஊர் மே மாதத்தில் நிழலில் நிற்கும் பைக்கே அதைத் தாண்டும். விடியற்காலைதான் வழி.

ஒரு எச்சரிக்கை. 'சத்தமே வரக் கூடாது' என்று நாம் கேட்கிறோம் என்பதற்காக டாப்பெட்டை இறுக்கித் தந்துவிடுவது உண்டு. காதுக்கு இதமாக இருக்கும். ஆனால், இன்ஜின் சூடானதும் வால்வு நீண்டு, முழுசாக மூடாமல் போகும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே, மூடி உட்காரும் அந்த நொடியில்தான். அது நடக்காவிட்டால் வால்வு கருகிவிடும். லேசான டாப்பெட் சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் ஸ்டார்ட்

புது ஆயிலைச் சரியான அளவு ஊற்றுங்கள். கிளட்ச்சும் அதே ஆயிலில் நனையும் பைக்குகளுக்கு 'ஜேஏஎஸ்ஓ எம்ஏ' என்று டப்பாவில் அச்சிட்ட ஆயில்தான் வேண்டும். கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

பிளக் இல்லாமல், கிக்கரை 20, 30 தடவை மெதுவாக அழுத்துங்கள். பம்ப் ஆயிலை மேலே ஏற்றட்டும். பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். மேலே ஆயில் வருகிறதா என்பதை மேனுவல் சொல்லும் வழியில் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். வரவில்லையா? உடனே ஆஃப். 'கொஞ்ச நேரம் ஓடினா வந்துடும்' என்பது ஆபத்தான நம்பிக்கை.

முதல் நாளே ஹைவேயில் முறுக்காதீர்கள். சில நூறு கிலோமீட்டருக்கு மிதமாக ஓட்டி, சீக்கிரமே ஒருமுறை ஆயிலை மாற்றி, டாப்பெட்டையும் மறுபடி ஃபீலர் கேஜால் பார்த்துவிடுங்கள். இடைவெளி மாறாமல் இருந்தால், வேலை ஜெயித்துவிட்டது. மறுபடி கூடியிருந்தால், காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

ரேஸ் கேம் போடலாமா?

லோபின் உயரத்தையும், வால்வு திறந்திருக்கும் நேரத்தையும் கூட்டினால் இன்ஜின் அதிக ஆர்பிஎம்-ல் நன்றாக மூச்சு விடும். கோவை கரி ஸ்பீடுவேயிலோ, இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ அது வேண்டும். தினமும் சிக்னலில் நின்று நின்று போகிறவருக்கு, அந்த கேம் கீழ் ஆர்பிஎம் இழுவையைப் பறித்துவிடும், ஐடிலும் நிற்காது. ஸ்பிரிங், கார்புரேட்டர் ஜெட், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் என்றால் ஈசியு மேப்பிங் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டி வரும். தினசரி வண்டிக்கு, கம்பெனி கொடுத்த கேமே போதும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பழைய கேமையும் ராக்கரையும் பார்க்கலாமா? கையோடு எடுத்துக்கொள்ளலாமா?

2. இது ஏன் தேய்ந்தது? ஆயில் பாதையையும் ஸ்ட்ரெய்னரையும் பார்த்தீர்களா?

3. ஹெட்டில் கேம் உட்காரும் இடம் நன்றாக இருக்கிறதா?

4. ராக்கரும் சேர்த்து மாற்றுகிறோமா?

5. டாப்பெட்டை ஃபீலர் கேஜ் வைத்து, ஆறிய இன்ஜினில் வைத்தீர்களா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சொல்லப்போனால், ரெண்டாவது கேள்விக்கான பதிலை நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லியிருப்பார்.

இனி இது வராமல் இருக்க...

100 சிசி பைக்குகளில் மொத்த ஆயிலே ஒரு லிட்டரைச் சுற்றித்தான். அதில் 300 மி.லி குறைந்தால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி! பைக்கில் ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு பெரும்பாலும் இருக்காது. ஹெட் சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். அதற்குள் லேட்.

வாரம் ஒருமுறை, சமதளத்தில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, டிப் ஸ்டிக்கைத் துடைத்து விட்டுப் பாருங்கள். பல பைக்குகளில் அதைத் திருகாமல், வெறுமனே வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குறைவாக இருக்கும் ஆயிலும் நிறைவாகத் தெரியும். ஒரே ஒரு நிமிட வேலை. டெலிவரிக்கும் வேலைக்கும் நாள் முழுக்க ஓடும் வண்டி என்றால், கிலோமீட்டர் கணக்கு சீக்கிரம் ஏறும். ஆயில் மாற்றும் தேதியை மாதத்தை வைத்து அல்ல, மீட்டரை வைத்து முடிவு செய்யுங்கள்.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் சிலருக்குச் சம்பளம் இல்லாத நாள். அவர்களுக்கு, இந்த ஒரு நிமிடம் புது கேமைவிட விலை அதிகம்.